கம்பெனிக்கு ஆயுள் உரிமம், கைவினைஞனுக்கு ஆயுள் தண்டனை!

பீகார் மாநிலத்தின் முங்கேர் மாவட்டத்திலிருந்து அடிக்கடி ஒரு செய்தி வருகிறது. "மினி கன் ஃபாக்டரி பிடிபட்டது" என்பது அதன் தலைப்பு. கிராமத்தின் பெயர் மாறும், தேதி மாறும். செய்தி மட்டும் மாறுவதில்லை. கூடவே ஒரு படமும் வரும். மேசையின் மீது அரைகுறையாகச் செய்த துப்பாக்கிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் ஒரு பழைய லேத், ஒரு டிரில்லிங் மெஷின், வைஸ், அரங்கள். பின்னால் போலீஸ் அதிகாரிகள் மிடுக்காக நிற்பார்கள். முன்னால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நாலைந்து பேர் குந்தியிருப்பார்கள்.

குந்தியிருப்பவர்களை நாடு பார்க்கிறது. பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறது. ஆனால் அந்தப் படத்தில் இல்லாத சிலர் இருக்கிறார்களே, அவர்கள் எங்கே? இரும்பு வாங்கிக் கொடுத்தவன் எங்கே? முன்பணம் கொடுத்தவன் எங்கே? செய்து முடித்த சரக்கைப் பத்து மடங்கு லாபத்துக்கு விற்கக் காத்திருந்தவன் எங்கே? அந்தத் துப்பாக்கியைத் தேர்தல் காலத்தில் தன் அடியாளின் இடுப்பில் செருகி அனுப்ப இருந்த கனவான் எங்கே?

இதை நாம் கேட்கிறோம். கேட்கவேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. ஏனெனில் அங்கே குந்தியிருப்பவர்களில் பலர் லேத்தில் நிற்கத் தெரிந்தவர்கள். உருக்கின் குணம் அறிந்தவர்கள். சுருங்கச் சொன்னால், கைத்தொழிலாளிகள். அந்தக் கையை உருவாக்கியது யார், அதைக் கைவிட்டது யார், இன்று விலங்கு பூட்டுவது யார் என்பதை வரிசையாக எடுத்துப் பார்ப்போம்.

அது சாமானியக் கையா?

துப்பாக்கி என்றால் ஏதோ குழாயை வெட்டி ஆணி அடித்துச் செய்யும் சாமான் என்று நினைப்பவர்கள் உண்டு. பட்டறையில் நிற்கும் தோழர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். தோட்டா வெடிக்கும் அந்தக் கணத்தில், கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தம் குழலின் அடிப்பாகத்தில் வந்து மோதுகிறது. அந்த அடியைத் தாங்க வேண்டிய பாகங்கள் இருக்கின்றன. தட்டவேண்டிய பாகங்கள், பிடித்து நிறுத்தவேண்டிய பாகங்கள் இருக்கின்றன. அவை இளகிய இரும்பாக இருந்தால் சில தடவைகளிலேயே தேய்ந்துபோகும். அளவுக்கு மிஞ்சிக் கெட்டிப்பட்டிருந்தால் கண்ணாடியைப்போல் உடைந்து தெறிக்கும். இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் தொழில்.

கெட்டிப்பட்ட உருக்கில் அரம் பாயாது, வழுக்கிக்கொண்டு போகும். சாதாரண டூலின் முனை மழுங்கிவிடும் என்பதை எந்த லேத் தொழிலாளியும் அறிவான். பெரிய தொழிற்சாலையில் இதற்கெல்லாம் ஏற்பாடு இருக்கிறது. வெப்பத்தைக் காட்டும் உலை இருக்கிறது. கெட்டித்தன்மையை அளக்கும் கருவி இருக்கிறது. மயிரிழைப் பிசகையும் காட்டிவிடும் கேஜ் இருக்கிறது. எல்லாம் முடிந்தபின், ஆள் தள்ளி நின்று சுட்டுப் பார்க்கும் சோதனை இருக்கிறது. வீட்டுப் பட்டறையில் இவற்றில் ஒன்றும் கிடையாது. அங்கே இருப்பது கண், கை, பழக்கம் இவ்வளவுதான். ஆகவேதான் கள்ளத் துப்பாக்கி சில வேளைகளில் எதிரியைச் சுடுவதற்கு முன்பு, பிடித்தவன் விரலையே கொண்டுபோய்விடுகிறது.

இவ்வளவு குறையோடும், அங்கே செய்யப்படும் கைத்துப்பாக்கிகள் வெளிநாட்டுச் சரக்கோடு குழப்பிக்கொள்ளும் அளவுக்கு இருக்கின்றன என்று போலீசாரே பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்கா என்றும் இத்தாலி என்றும் அவற்றில் முத்திரையும் பொறித்திருக்கும். தான் செய்த பொருளில் தன் ஊர்ப்பெயரைப் பொறிக்க முடியாத தொழிலாளி, அந்நியன் பெயரைப் பொறித்து விற்க வேண்டிய நிலைமை! இந்தக் கை வானத்திலிருந்து குதித்து வந்ததா? இல்லை. அதற்கு ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது.

மீர் காசிம் மூட்டிய உலை

1760ஆம் ஆண்டு வங்காள நவாபாக வந்த மீர் காசிம், ஆங்கிலேயக் கம்பெனியின் பிடியிலிருந்து விலகி நிற்க விரும்பினான். முர்ஷிதாபாத்தை விட்டுத் தலைநகரைக் கங்கைக்கரை முங்கேருக்குக் கொண்டுபோனான். அங்கே ஆயுதப் பட்டறைகளை ஏற்படுத்தினான். குர்கின் கான் என்ற ஆர்மீனியத் தளபதி அவனுக்குத் துணை நின்றான். கம்பெனிக்காரர்கள் சுங்கம் கட்டாமல் வியாபாரம் செய்து நாட்டு வியாபாரிகளை அழித்ததைக் கண்டு, "அப்படியானால் எவருக்குமே சுங்கம் இல்லை" என்று அறிவித்தவன் இந்த மீர் காசிம்தான். சுங்கத் தகராறு 1763இல் யுத்தமாக முற்றியது. 1764இல் பக்சார் போர்க்களத்தில் முடிந்தது. நவாப் தோற்றான். ஆனால் முங்கேரின் உலை அணையவில்லை. தகப்பனிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று தொழில் தொடர்ந்து வந்தது.

கம்பெனி தன் சொந்த ஆயுதத்துக்குத் தன் சொந்தத் தொழிற்சாலையை வைத்துக்கொண்டது. கல்கத்தாவுக்கு அருகே காசிப்பூரில் 1802இலேயே பீரங்கி வண்டித் தொழிற்சாலை வேலையைத் தொடங்கிவிட்டது. நாட்டு மக்கள் கையில் ஆயுதம் இருப்பதோ அவனுக்குக் கண்ணில் விழுந்த தூசு. 1878ஆம் ஆண்டு வைசிராய் லிட்டன் பிரபு ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தான். இந்தியன் ஆயுதம் வைத்திருக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியனுக்கு வேண்டாம்! அதே ஆண்டில், அதே லிட்டன்தான் தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டவும் ஒரு சட்டம் கொண்டுவந்தான் என்பதைத் தோழர்கள் மறந்துவிடக் கூடாது. கையைக் கட்டியவனே வாயையும் கட்டினான்.

முங்கேருக்கு அருகே இன்னொன்றும் நடந்தது. 1862ஆம் ஆண்டு ஜமால்பூரில் ரயில்வே பட்டறை தொடங்கப்பட்டது. 1899இல் அங்கே ரயில் என்ஜினே செய்துவிட்டார்கள். கொல்லன் உலையும் ரயில்வே லேத்தும் ஒரே வட்டாரத்தில் சேர்ந்தபோது, உலோகத் தொழில் அங்கே மண்ணோடு மண்ணாக ஊறிப்போனது.

சுதந்திரம் வந்தபின் நடந்தது என்ன? 1956ஆம் ஆண்டுத் தொழில் கொள்கைத் தீர்மானம், ஆயுத உற்பத்தியைச் சர்க்காரின் தனிப்பொறுப்பில் வைத்தது. அது சரியான கொள்கை என்பதே நம் கருத்து. மனிதனைக் கொல்லும் சரக்கு லாபவேட்டைக்காரர்களிடம் போகக் கூடாது. 1959ஆம் ஆண்டு புதிய ஆயுதச் சட்டம் நிறைவேறியது. 1962 அக்டோபர் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. முங்கேரில் ஏற்கெனவே இருந்த சிறு தொழிற்கூடங்கள் உரிமம் பெற்று ஒரே வளாகத்தில் வேலை செய்தன. ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கிகள் செய்வதற்கு மட்டும் அனுமதி. முப்பதுக்கும் மேற்பட்ட அந்தக் கூடங்களுக்கு ஆண்டுக்குச் சுமார் 12 ஆயிரம் துப்பாக்கிகள் என்று உச்சவரம்பு வகுக்கப்பட்டது.

தீர்மானம் சரி, அதன் மறுபாதியைத்தான் ஆளவந்தார்கள் மறந்தார்கள். ஆயுதத் தொழிலைச் சர்க்கார் எடுத்துக்கொள்வதானால், அந்தத் தொழிலில் தலைமுறை தலைமுறையாக நின்றவனையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டாமா? முங்கேரில் சர்க்காரின் தொழிற்சாலை ஒன்றை எழுப்பி அந்தக் கைகளுக்கு வேலை கொடுத்திருக்க வேண்டாமா? செய்யவில்லை. துப்பாக்கி வாங்குவோருக்கு உரிமம் கொடுப்பது சுருங்கியது. வேட்டைத் துப்பாக்கிக்குக் கிராக்கி குறைந்தது. உச்சவரம்பில் சிறு பங்கைக்கூடச் செய்ய முடியாமல் கூடங்கள் படுத்தன. பல கதவுகள் மூடப்பட்டன. கதவு மூடினால் முதலாளி வேறு வியாபாரத்துக்குப் போவான். ஃபைல் பிடித்தே காய்த்துப்போன கை எங்கே போகும்?

கொல்லைப்புறம் பிறந்த கதை

அது கொல்லைப்புறத்துக்குப் போயிற்று. மாட்டுக்கொட்டகைக்குள் போயிற்று. ஆற்றுத் திட்டுக்குப் போயிற்று. போலீஸ் கெடுபிடி அதிகமானதும் மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், உத்தரப்பிரதேசம் என்று வாடகை வீடுகளுக்குப் போயிற்று. எங்கெங்கோ பிடிபட்டவர்களின் சொந்த ஊரை விசாரித்தால் முங்கேர் என்று வருவது இதனால்தான்.

இந்தக் கள்ளத்தொழிலின் அமைப்பைத் தோழர்கள் கூர்ந்து பார்க்கவேண்டும். இது ஒருவன் தனியாக உட்கார்ந்து முழுத் துப்பாக்கி செய்யும் தொழில் அல்ல. ஓரிடத்தில் பாதி வேலை முடியும். சரக்கு வேறோர் ஊருக்குப் போய் முழுமை பெறும். விற்பனை மூன்றாவது ஊரில் நடக்கும். தொழிலாளிக்குக் கிடைப்பது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி. இடம் பிடிப்பவன் வேறு, இரும்பு கொடுப்பவன் வேறு, சுமப்பவன் வேறு, விற்பவன் வேறு. பீடி சுற்றும் பெண்ணையும் தீப்பெட்டி ஒட்டும் குழந்தையையும் காண்ட்ராக்டர் எப்படி வைத்திருந்தானோ, அதே பீஸ் ரேட் முறைதான் இங்கேயும். ஒரே ஒரு வித்தியாசம்: பீடித் தொழிலாளி கூலி கேட்டு நியாயசபை ஏறலாம், இவன் வாய் திறந்தால் சிறை.

சங்கிலியின் எந்தக் கண்ணி முதலில் அறுபடுகிறது? கூலிக்காரன் என்ற கண்ணிதான். காரணம் எளிது. லேத்தை மடியில் கட்டிக்கொண்டு ஓடமுடியாது. பணமூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடலாம்.

கிணற்றுக்குள் கிடந்த உண்மை

2018ஆம் ஆண்டு முங்கேரில் ஏ.கே.47 துப்பாக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிடிபடத் தொடங்கின. கிணற்றுக்குள்ளிருந்துகூட அவற்றை எடுத்தார்கள். 20க்கு மேற்பட்டவை கைப்பற்றப்பட்டன. "பார்த்தீர்களா, ஏ.கே.47ஐயே செய்துவிட்டார்கள்" என்று சில மேதாவிகள் மூக்கின்மேல் விரல் வைத்தார்கள். விசாரணை நடந்தது. அந்தத் துப்பாக்கிகள் எந்தக் கொல்லைப்புற லேத்திலும் பிறக்கவில்லை. மத்தியப்பிரதேசத்தின் ஜபல்பூரில் இருக்கும் ராணுவத்தின் மத்திய ஆயுதக் கிடங்கிலிருந்து வெளியேறியவை அவை! கைதானவர்களில் ஆயுதம் பழுதுபார்க்கும் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவரும் உண்டு. வழக்கு தேசியப் புலனாய்வு முகமையிடம் போயிற்று.

முள்வேலி போட்டு, காவல் வைத்து, கணக்கு எழுதி வைத்திருக்கும் ராணுவக் கிடங்கிலிருந்து யுத்தத் துப்பாக்கிகள் வெளியே போகின்றன. அங்கே ஓட்டை. ஆனால் "ஆபத்து எங்கே?" என்று கேட்டால் விரல் நீளுவது கிராமத்து லேத்தின் பக்கம். கைத்துப்பாக்கிக்குக் கொல்லைப்புறம் காரணம் என்றால், ஏ.கே.47க்குக் காரணம் எந்தப் புறம்? இந்தக் கேள்வியை நாடாளுமன்றத்தில் எத்தனை பேர் கேட்டார்கள்?

இரண்டு ஆயுள்கள்

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டத்தைத் திருத்தினார்கள். உரிமமின்றி ஆயுதம் செய்தால் 7 ஆண்டு முதல் ஆயுள்தண்டனை வரை என்று தண்டனையை உயர்த்தினார்கள். முன்பு அது 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை இருந்தது. ஆயுதக் கடத்தலுக்கும் திட்டமிட்ட குற்றக் கும்பலுக்கும் 10 ஆண்டு முதல் ஆயுள் வரை என்று வைத்தார்கள். கடத்தல்காரனுக்குக் கடுமையான தண்டனை என்பதை நாம் எதிர்க்கவில்லை. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்ததையும், கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுடும் வீம்புக்குத் தண்டனை வைத்ததையும் வரவேற்கிறோம். ஆனால் உருப்படிக் கூலிக்கு அரம் தேய்ப்பவனையும், அவனை வைத்து வேலை வாங்குபவனையும் "செய்தவர்கள்" என்ற ஒரே சொல்லுக்குள் அடைப்பது என்ன நியாயம்? நடைமுறையில் அகப்படுகிறவன் யார் என்பதை மேலே பார்த்தோம்.

இது ஒரு பக்கம். மறுபக்கம் என்ன நடந்தது? 2001ஆம் ஆண்டில் ஆயுத உற்பத்தியின் கதவு தனியார் முதலாளிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. அந்நிய மூலதனமும் 26 சதவீதம் வரலாம் என்றார்கள். 2015இல் 49 சதவீதம்வரை முன் அனுமதியே வேண்டாம் என்றார்கள்; அடுத்த ஆண்டில் அந்தச் சலுகையை 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும் சிறு ஆயுதங்களுக்கும் தோட்டாக்களுக்கும் நீட்டினார்கள். 2020இல் அதை 74 சதவீதம் ஆக்கினார்கள். அதே 2020இல், குவாலியர் பக்கத்தில் சிறு ஆயுதங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் 51 சதவீதப் பங்கை அதானி குழுமம் வாங்கியது. 2024 பிப்ரவரியில் கான்பூரில் 500 ஏக்கர் பரப்பில் அக்குழுமத்தின் தோட்டாத் தொழிற்சாலை கோலாகலமாகத் திறந்துவைக்கப்பட்டது.

இந்த வரிசையில் 2017ஆம் ஆண்டின் விதித்திருத்தம் ஒன்றைத் தோழர்கள் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆயுதம் செய்யும் உரிமத்தை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும் என்று இருந்ததை எடுத்துவிட்டார்கள். இனிமேல் உரிமம் அந்தக் கம்பெனியின் ஆயுட்காலம் முழுவதும் செல்லும் என்று அறிவித்தார்கள். கம்பெனிக்கு ஆயுள் உரிமம்! இரண்டு ஆண்டு கழித்து, அதே ஆட்சி, கைவினைஞனுக்கு ஆயுள் தண்டனை! 1956இல் சர்க்காரின் தனிப்பொறுப்பு என்று சொல்லி முங்கேர்க்காரனை வெளியே நிறுத்தினார்கள். பிற்பாடு அந்தப் பொறுப்பையே கைகழுவினார்கள். அப்போது கதவு திறந்தது யாருக்காக? இருநூற்று ஐம்பது ஆண்டு அந்த உலையின் முன் நின்றவனுக்காகவா? இல்லை. மூலதனத்துக்காகத் திறந்தது.

சர்க்கார் தொழிலாளியின் கதி

கொல்லைப்புறத்துக்குப் போனவனை விடுங்கள். சட்டப்படி, சீருடை அணிந்து, சர்க்கார் தொழிற்சாலையில் ஆயுதம் செய்தவனை இவர்கள் எப்படி நடத்தினார்கள்? நாட்டில் 41 படைக்கலத் தொழிற்சாலைகள் இருந்தன. 1966இல் ஏற்படுத்தப்பட்ட திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையும் ஆவடி டாங்கித் தொழிற்சாலையும் அவற்றில் அடங்கும். கெட்டி உருக்கைக் கடைந்து அளவு பிசகாமல் பாகம் செய்யும் ஆயிரக்கணக்கான தோழர்கள் அங்கே உழைத்தார்கள். 2021 அக்டோபர் முதல் தேதி படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனிகளாகத் துண்டுபோட்டார்கள். திருச்சித் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு கம்பெனியின் கீழ்ப் போயிற்று.

தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்வதாக அறிவித்தார்கள். உடனே பாய்ந்தது அவசரச் சட்டம்! 2021 ஜூனில் அவசரச் சட்டமாக வந்து, ஆகஸ்டில் சட்டமாக நிறைவேறியது அத்தியாவசியப் பாதுகாப்புப் பணிகள் சட்டம். ஓராண்டுக் காலத்துக்கு என்று வந்த அந்தச் சட்டம், வேலைநிறுத்தம் செய்பவனுக்கு ஓராண்டுச் சிறையும், செய்யச் சொல்பவனுக்கு இரண்டாண்டுச் சிறையும் வைத்தது. ஆக, சட்டத்துக்கு வெளியே துப்பாக்கி செய்தவனுக்கும் சிறை. சட்டத்துக்குள்ளே துப்பாக்கி செய்தவன் உரிமை கேட்டால் அவனுக்கும் சிறை. லேத்தின் முன் நிற்பவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் காத்திருப்பது கம்பிக்கதவுதான்!

அமெரிக்காவில் அது பொழுதுபோக்கு

இதே வேலை அமெரிக்காவில் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். அங்கே 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வியாபாரத்துக்குச் செய்பவனிடம்தான் உரிமம் கேட்கிறது. தன் சொந்த உபயோகத்துக்கு ஒருவன் வீட்டுக் கார் கொட்டகையில் துப்பாக்கி செய்துகொண்டால் மத்தியச் சட்டப்படி அது குற்றம் அல்ல. தடை போட்டவை சில மாநிலங்களே. வசதி படைத்தவன் லேத்தும் மில்லிங் மெஷினும் வாங்கி வைத்து, ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக இதைச் செய்கிறான்.

இந்த ஓட்டையில் கம்பெனிகள் நுழைந்தன. முக்கால்வாசிக்கு மேல் முடித்த பாகத்தை, "இது இன்னும் துப்பாக்கி ஆகவில்லை, வெறும் உலோகத்துண்டு" என்று சொல்லிப் பெட்டியில் போட்டு விற்றார்கள். வாங்கியவன் மிச்ச வேலையை வீட்டில் முடித்துக்கொண்டான். வரிசை எண் இல்லை. வாங்கியவன் யார் என்ற விசாரணை இல்லை. பேய்த் துப்பாக்கி என்று அதற்குப் பெயரும் வந்தது. குற்றங்களில் பிடிபட்டு மூலம் கண்டுபிடிக்க அனுப்பப்பட்டவை 2017இல் சுமார் 1,600. 2021இல் 19 ஆயிரத்துக்கு மேல்! 2022இல்தான் சர்க்கார் விழித்துக்கொண்டு, இத்தகைய பெட்டிகளுக்கும் எண்ணும் உரிமமும் வேண்டும் என்று விதி செய்தது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. 2025 மார்ச் 26ஆம் தேதி உச்ச நீதிமன்றம், நீதிபதிகளில் ஏழு பேர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம் என்ற கணக்கில், அந்த விதி சட்டத்துக்கு உட்பட்டதே என்று தீர்ப்பளித்தது.

அமெரிக்காவில் பெட்டி விற்ற முதலாளி கோர்ட்டுக்கு வாதியாகப் போகிறான். இந்தியாவில் அரம் தேய்த்தவன் கோர்ட்டுக்குக் குற்றவாளியாகப் போகிறான். இரண்டு நாட்டிலும் ஒன்று பொது: துப்பாக்கியால் லாபம் அடைகிறவனைத் தொடுவதற்குச் சட்டத்தின் கை நடுங்குகிறது.

கள்ளத் துப்பாக்கிக்கு வக்காலத்தா?

"அப்படியானால் நீங்கள் கள்ளத் துப்பாக்கிக்கு வக்காலத்து வாங்குகிறீர்களா?" என்று நம் எதிரிகள் கேட்பார்கள். பதில் சொல்லுகிறோம்: இல்லை, ஒருபோதும் இல்லை.

பீகாரின் சரித்திரம் துப்பாக்கி யாருடைய நண்பன் என்பதை ரத்தத்தால் எழுதிவைத்திருக்கிறது. 1997 டிசம்பர் முதல் தேதி இரவு, லட்சுமண்பூர் பாதே கிராமத்தில், நிலப்பிரபுக்களின் ரண்வீர் சேனை புகுந்தது. 58 தாழ்த்தப்பட்ட மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அவர்களில் உண்டு. 2010இல் கீழ்க்கோர்ட்டு 26 பேரைத் தண்டித்தது. 2013இல் பாட்னா உயர்நீதிமன்றம் அந்த 26 பேரையும் விடுதலை செய்தது. துப்பாக்கி செய்பவன் ஏழையாக இருக்கலாம். அது போய்ச்சேரும் இடம் பணக்காரன் வீட்டு வாசல். குண்டு பாய்வது மறுபடியும் ஏழையின் மார்பில். தன் வர்க்கத்தைக் கொல்லும் கருவியைத் தன் கையாலேயே செய்துகொடுக்கும் கொடுமைக்கு நாம் எப்படி வக்காலத்து வாங்குவோம்?

நம் மாநிலத்துக்கும் இதில் பாடம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டு மே மாதத்தில் சேலம் மாவட்டம் ஓமலூர் அருகே வாகனச் சோதனையில் இரண்டு இளைஞர்கள் துப்பாக்கிகளுடன் பிடிபட்டார்கள். வாடகை வீடு ஒன்றில், யூடியூப் படம் பார்த்துத் துப்பாக்கி செய்ய முயன்றார்கள் என்பது போலீஸ் தரப்பு. அந்த வழக்கையும் தேசியப் புலனாய்வு முகமை எடுத்துக்கொண்டது. துப்பாக்கியால் சமுதாயத்தை மாற்றிவிடலாம் என்று எண்ணும் இளைஞனுக்கு நாம் சொல்லுவது ஒன்றே. சங்கம் வைத்து, கூட்டம் கூட்டி, கொடி பிடித்து, வோட்டுப் போட்டு மாற்ற முடியாத எதையும் வாடகை வீட்டு ட்ரில்லிங் மெஷின் மாற்றிவிடாது. அது உன்னை மாற்றும். நம்பர் போட்ட சட்டைக்காரனாக மாற்றும்.

கோவையிலும் அம்பத்தூரிலும் ஓசூரிலும் ஜாப் ஒர்க் செய்யும் தோழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கள்ளத்தொழில் துண்டு துண்டாக நடக்கிறது என்று மேலே சொன்னோம். துண்டாக வரும் வேலையில் முழு உருவம் தெரியாது. டிராயிங் இல்லாமல், பில் இல்லாமல், வழக்கத்துக்கு மேல் கூலி கொடுத்து, "என்ன சாமானுக்கு?" என்று கேட்டால் முகத்தைத் திருப்புகிறவன் வந்தால் வேலையை ஏற்காதீர்கள். வேலை இல்லாத நாளில் வரும் அந்தக் கூலி இனிக்கும். பிடிபடும் நாளில் குந்தியிருக்கப்போவது நீங்கள். படத்தில் இல்லாமல் போகப்போவது அவன்.

நமது கோரிக்கை

2025ஆம் ஆண்டு பீகார் சட்டமன்றத் தேர்தலில் நாட்டுத் துப்பாக்கியைப் பற்றி மேடைக்கு மேடை பேசினார்கள். ஆளுங்கூட்டணி தன் தேர்தல் அறிக்கையில், பீகாருக்கும் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் வரும் என்று வாக்களித்தது. தமிழ்நாட்டுக்கும் உத்தரப்பிரதேசத்துக்கும் 2018இல் அறிவித்த வழித்தடங்களைப்போல. நல்லது. அந்த வழித்தடத்தில் முங்கேர்த் தொழிலாளி நடப்பானா, அல்லது ஓரத்தில் நின்று கார் ஊர்வலத்தை வேடிக்கை பார்ப்பானா? இதற்குப் பதில் வேண்டும்.

நாம் கேட்பவை நான்குதான். முதலாவது, முங்கேரில் சர்க்காரே ஒரு டூல் ரூம் அமைத்து, அங்குள்ள கைவினைஞர்களுக்குப் பயிற்சியும் சான்றும் நிலையான சம்பளமும் தரவேண்டும். உருக்கைப் பதம் பார்க்கத் தெரிந்த கை அறுவைச் சிகிச்சைக் கருவி செய்யும், வால்வு செய்யும், தையல் மெஷின் பாகம் செய்யும். இரண்டாவது, உரிமம் பெற்ற பழைய கூடங்களின் தொழிலாளர்களைக் கூட்டுறவுச் சங்கமாக அமைத்து, சர்க்கார் ஆர்டர் கொடுக்கவேண்டும். மூன்றாவது, கள்ளத்துப்பாக்கி வழக்கில் முதல் குற்றவாளியாக நிற்கவேண்டியவன் பணம் போட்டவன். ராணுவக் கிடங்கு, போலீஸ் கிடங்கு எல்லாவற்றிலும் ஆண்டுதோறும் கணக்கெடுத்து நாடாளுமன்றத்தின் முன் வைக்கவேண்டும். நான்காவது, படைக்கலத் தொழிலாளர்களின் சங்க உரிமையிலும் வேலைநிறுத்த உரிமையிலும் கை வைக்கக் கூடாது. ஆயுத உற்பத்தி மீண்டும் பொதுத்துறையின் பொறுப்பாக வேண்டும்.

இவை வானத்தை வில்லாக வளைக்கும் கோரிக்கைகள் அல்ல. ஒரு கம்பெனிக்கு 500 ஏக்கர் கொடுக்க முடிந்த நாட்டில், ஒரு ஊரின் தொழிலாளர்களுக்கு ஒரு பட்டறை கொடுக்க முடியாதா?

தோழர்களே! அடுத்தமுறை அந்தப் படம் பத்திரிகையில் வரும்போது, தேநீர்க்கடையில் பக்கத்தில் இருப்பவரிடம் அதைக் காட்டுங்கள். லேத்தைக் காட்டுங்கள், அரத்தைக் காட்டுங்கள், குந்தியிருப்பவனின் கையைக் காட்டுங்கள். பிறகு, படத்தில் இல்லாதவனைப் பற்றிக் கேளுங்கள். அந்தக் கேள்வி கடைக்குக் கடை, ஆலைக்கு ஆலை பரவட்டும். வேலை கொடுக்கத் தவறியவர்கள் விலங்கை மட்டும் கொண்டுவந்தால், அந்த விலங்கு எவர் கைக்குப் பொருந்தும் என்பதை உழைக்கும் மக்கள் தீர்மானிக்கும் நாள் தொலைவில் இல்லை.